வயதைக் கேட்டால் கோபிக்காதீர்கள்!

பெண்களிடம் வயதையும் ஆண்களிடம் சம்பளத்தையும் கேட்கக் கூடாது என்பார்கள். ஆனால் வைத்திய ஆராய்ச்சி செய்கிறவர்கள் கூசாமல் இரண்டையும் கேட்கிறார்கள். அதோடு விட்டார்களா? ஆணா பெண்ணா, எந்த இனம், எந்த ஊர், என்ன படிப்பு, வேறு வியாதி உண்டா என்று ஒரு பக்கம் முழுவதும் கேள்வி! “மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதற்கு இந்த வம்பெல்லாம் எதற்கு?” என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா? காரணம் இருக்கிறது, கேளுங்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வாஸ்தவம். ஆனால் பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே பானையில் கலந்து கிடந்தால், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டு இறக்கிவிடலாமா?

மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் 22,071 டாக்டர்களை வைத்துப் பரிசோதித்தார்கள். மாரடைப்பு 44 சதவிகிதம் குறைந்தது என்று 1989-இல் முடிவு வெளியாயிற்று. ஆனால் அத்தனை பேரில் ஒரு பெண்கூடக் கிடையாது! பிறகு 39,876 பெண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தின் அளவு குறைவு. 2005-இல் வந்த முடிவு என்ன தெரியுமா? மொத்தத்தில் மாரடைப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. பக்கவாதம்தான் 17 சதவிகிதம் குறைந்திருந்தது. (இதைப் படித்துவிட்டு, டாக்டரைக் கேளாமல் ஆஸ்பிரினை விழுங்கிவிடாதீர்கள்!)

பெண்களை ஏன் விட்டார்கள்? எல்லாம் நல்லெண்ணத்தில்தான். வயிற்றுச் சிசுவுக்குத் தீங்கு வரக்கூடாதென்று, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களை ஆரம்பப் பரிசோதனைகளில் சேர்க்க வேண்டாமென அமெரிக்க மருந்து நிர்வாகம் 1977-இல் சொல்லிவிட்டது. 1993-இல்தான் அந்தக் கட்டு தளர்ந்தது.

ஸோல்பிடெம் என்று ஒரு தூக்க மாத்திரை. ஆண்களைவிடப் பெண்களின் உடம்பிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுகிறது. இரவில் விழுங்கியது காலையில் கார் ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருந்தால் என்ன ஆவது? இருபது ஆண்டுகள் விற்பனையான பிறகு, 2013-இல் பெண்களுக்கான அளவைப் பத்து மில்லிகிராமிலிருந்து ஐந்தாகக் குறைக்கச் சொன்னார்கள்.

கொரோனாக் காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பிராணவாயுவை அளக்கும் கருவி! ரத்தத்தில் பிராணவாயு குறைந்திருந்தும் “எல்லாம் சரி” என்று அது காட்டிய தவறு, அமெரிக்காவில் வெள்ளையரைவிடக் கறுப்பு இனத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. நோயாளியின் இனத்தை ஆஸ்பத்திரி ஏட்டில் குறித்து வைத்திருந்ததால்தான் இது வெளிப்பட்டது. குறிக்காமல் விட்டிருந்தால், எல்லாரும் சராசரிக்குள் மறைந்து போயிருப்பார்கள்.

ஆனால் ஒன்று: கேட்கிறவர்களுக்கும் கடமை உண்டு. எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும். “சொல்ல விருப்பமில்லை” என்றால் வற்புறுத்தக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், அம்மணி, தங்கள் வயதைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் உண்மையான வயதைச் சொல்லுங்கள். ஐந்து வயதைக் குறைத்துச் சொன்னால் அண்டை வீட்டார் நம்பிவிடலாம், மருந்து நம்பாது!