பித்தளைப் பாத்திரங்களும் ஈயப் பூச்சும்

பெரிய குடித்தனங்களில் பரம்பரையாக வந்த பித்தளை அண்டாக்களும் தவலைகளும் இன்றும் உபயோகத்தில் இருந்து வருகின்றன. இவை பல தலைமுறைகளுக்கு உழைக்கும். உடைந்தாலும் எடைக்கு விலை போகும். ஆனால் உட்புறத்து ஈயப் பூச்சு தேய்ந்த பின்னரும் அவற்றிலேயே சமைத்து வருவதால் விளையும் தீங்கை அநேகர் அறிந்திலர்.

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளி, மோர், எலுமிச்சம்பழச் சாறு முதலிய புளிப்புப் பொருள்கள் செம்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். பச்சை நிறமாகப் படியும் களிம்பு இதனால் உண்டாவதே. களிம்பேறிய உணவை உண்டவர்க்குக் குமட்டலும் வாந்தியும் வயிற்று நோவும் காணும். அறுவடை ஆட்களுக்கென்று முதல் நாள் இரவே புளிச்சோற்றைப் பூச்சில்லாத அண்டாவில் கலந்து வைப்பது அபாயகரமானது.

பாலில் புளிப்பு இல்லையே, அதற்குப் பித்தளை ஏற்றதன்றோ என்று நினைப்பவர் உண்டு. இது தவறு. பாலிலுள்ள புரதச் சத்து செம்பைப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையது. இந்தியாவில் சிசுக்களுக்குக் கல்லீரல் இறுகி மரணம் நேரிடும் நோய் ஒன்று நெடுங்காலம் இருந்து வந்தது. பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி வைத்த பசும்பாலையும் எருமைப்பாலையும் சிறு பருவத்திலேயே புகட்டியது அதற்குக் காரணமாகலாம் என்று 1983-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று. பின்னர் அந்நோய் பெரிதும் அருகியது. ஆகையால் குழந்தைகளுக்குரிய பாலைப் பூச்சற்ற பித்தளையில் ஒரு வேளையும் வைத்தல் ஆகாது.

இத்தீங்கைத் தடுப்பதற்கே ஈயம் பூசுகின்றனர். ஆனால் ஈயம் என்ற ஒரே சொல்லால் இரண்டு உலோகங்கள் வழங்குகின்றன. பூச்சுக்கு உரியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, உடலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இவ்வளவு உட்கொண்டால் தீங்கில்லை என்ற அளவு அதற்கு இல்லை. காரீயம் விலை மலிவானது. வெள்ளீயத்துடன் எளிதில் கலந்து உருகும். கலப்படத்துக்கு இடம் கொடுப்பது இதுவே.

வாங்கும்போது ஈயக் கட்டியை வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்க்கலாம். காரீயம் பென்சிலைப் போல் சாம்பல் நிறக் கோடு விடும். சுத்தமான வெள்ளீயக் கம்பியை வளைத்தால் நொறுநொறுவென்று ஓசை கேட்கும். கலப்பு சொற்பமாயின் இச்சோதனைகளுக்குத் தப்பிவிடக் கூடுமாதலால், நம்பிக்கையான கடையில் வெள்ளீயத்தை வாங்கிப் பூசுபவரிடம் கொடுத்து, எதிரில் இருந்து பூசச் செய்வதே உத்தமம். ரசம் வைக்கும் ஈயச் சொம்புக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

பூசும் முறை எளிது. பாத்திரத்தைக் களிம்பு அறத் துலக்கி, கரி நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவர். வெண்புகை எழுந்து, உலோகத்தின் மேலுள்ள கறை நீங்கும். உடனே வெள்ளீயத்தைத் தேய்த்துப் பஞ்சினால் எங்கும் பரப்புவர். கறை நீங்காத இடத்தில் ஈயம் பற்றாது. வேலை முடிந்ததும் உட்புறத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மஞ்சள் திட்டுகள் இருப்பின் அப்போதே திரும்பப் பூசச் செய்தல் வேண்டும்.

வெள்ளீயம் 232 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினால் பூச்சு உருகித் திரண்டு போகும். தண்ணீர் விட்ட பின்னரே ஏற்றுதல் வேண்டும். தாளிப்பதற்கும் பலகாரம் பொரிப்பதற்கும் இரும்பு வாணலியே தகுந்தது. செங்கற்பொடியும் மணலும் வெளிப்புறத்தோடு நிற்க வேண்டும். உட்புறத்தைச் சலித்த சாம்பலும் மெல்லிய நாரும் கொண்டு துலக்கினால் போதும்.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ஆம் ஆண்டில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அலுமினியமும், பின்னர் எவர்சில்வரும் பரவியபின் ஈயம் பூசுபவர் கிராமங்களுக்கு வருவது குறைந்துவிட்டது. வீட்டுப் பாத்திரங்களையாவது உடையவர் கவனிப்பர். கோயில்களிலும் சாவடிகளிலும் உள்ள ஊர்ப் பொது அண்டாக்களைக் கேட்பாரில்லை. ஆண்டு முழுவதும் அறையில் கிடந்து, திருவிழாவன்று அவசரமாகக் கழுவப்பட்டு, நூற்றுக்கணக்கானவர்க்குச் சாம்பார் கொதிப்பது இவற்றில்தான். கிராம அதிகாரிகள் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னரே இவற்றை வெளியில் எடுத்துப் பார்வையிட்டால், பக்கத்து நகரத்திலிருந்து ஈயம் பூசுபவரை வரவழைக்க அவகாசம் இருக்கும்.