புகையை எரிக்கும் அடுப்பு

நெருப்பின்றிப் புகையாது என்பர். ஆயின், புகை என்பது எரிய வேண்டியது எரியாமற் போனமையின் அடையாளமாகும். விறகு சூடேறுங்கால் வாயுக்களும் நுண்ணிய தார்த்துளிகளும் அதனின்று வெளிப்படுகின்றன. போதிய வெப்பமும் ஒட்சிசனும் பெறின் அவை சுவாலையாய் எரியும். பெறாவிடின் புகையாகிச் சமைப்போரின் கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். வீட்டினுள் மாசுற்ற காற்றினால் 2020ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இக்குறையை நீக்குதற்கு, அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திலுள்ள அப்ரோவெச்சோ ஆராய்ச்சி நிலையத்தில் 1980களில் லாரி வினியார்சுக்கி என்னும் பொறியியலறிஞர் வகுத்ததே ‘றொக்கெட் அடுப்பு’ ஆகும். இதனை வீட்டிலும் அமைக்கலாம். 10 சதமமீற்றர் விட்டமுள்ள இரும்புக் குழாயை முழங்கைபோல் வளைவுற அமைத்தல் வேண்டும். கிடைப்பகுதி குறுகியதாகவும், நிமிர்பகுதி விட்டத்தின் மும்மடங்காகிய 30 சதமமீற்றர் உயரமுடையதாகவும் இருத்தல் நன்று. கிடைப்பகுதியினுள் ஒரு தகட்டைத் தட்டாக இட்டு, மேலே உலர்ந்த சுள்ளிகளை வைக்க, கீழே காற்றுப் புகும். நுனிகள் எரிய எரியச் சுள்ளிகளை உட்டள்ளல் வேண்டும். குழாய் வாய்க்கும் கலத்தின் அடிக்கும் இடையே 2.5 சதமமீற்றர் இடைவெளி விடின், வளி செல்லும் வழியின் பரப்புக் குறையாது.

குழாயைத் தகரப்பேழையொன்றினுள் நிறுத்திச் சூழ விறகுச்சாம்பல் நிரப்புதல் இன்றியமையாதது. பலரும் கனத்த மண்சுவரே வெப்பத்தைக் காக்கும் என எண்ணுவர். உண்மையில் அச்சுவர் வெப்பத்தை உறிஞ்சி எரியறையைக் குளிரச்செய்யும். சாம்பலோ, தன்னுட் காற்றை அடக்கிய அரிதிற்கடத்தி. ஆதலால் எரியறை விரைவிற் சூடேறிப் புகையும் எரிந்துவிடும்.

வீட்டைச் சூடாக்குங்கால் அதே மண் துணையாகின்றது. குளிர்நாடுகளில், முற்றாக எரிந்தபின் வரும் சூடான வளியை மண்திண்ணையினுள் அமைந்த குழாய்வழியே செலுத்திப் பின்னர் புகைபோக்கியால் வெளியேற்றுவர். அணைந்த பின்னரும் திண்ணை நெடுநேரம் வெம்மை தரும். எரியுமிடத்தில் வெப்பத்தைக் காத்தலும், எரிந்தபின் அதனைக் கொள்ளுதலும் வெவ்வேறு தொழில்கள் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், புகை தோன்றாமை நஞ்சின்மைக்குச் சான்றன்று. காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் போக்கவல்லது. ஆகவே, வீட்டினுள் அமையும் அடுப்பு எத்துணைச் சிறப்பாக எரியினும், கூரைக்கு மேலெழும் புகைபோக்கியும் காற்றோட்டமும் இன்றி அதனை மூட்டலாகாது.