கைக்கிளையிலிருந்து பெருந்திணைக்கு: ‘காதல் கொண்டேன்’ திரைப்படத்தில் முக்கோணக் காதல்

முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தில் கல்லூரி என்பது காதலுக்கு உரிய களமாக நிலைபெற்றதில் 1980-இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’ படத்திற்குப் பெரும் பங்குண்டு. வீடும் தெருவும் இடங்கொடாத சந்திப்புக்கு வகுப்பறையும் கல்லூரிக்குச் செல்லும் வழியும் இடங்கொடுத்தன. அதன்பின் வந்த கல்லூரிக் காதற்படங்கள் பல, சொல்லப்படாத காதலைப் பாடின. கதிர் இயக்கிய ‘இதயம்’ (1991) அவ்வகையின் உச்சம் எனலாம். அவரே இயக்கிய ‘காதல் தேசம்’ (1996) ஒருத்தியை இருவர் விரும்பும் முக்கோணத்தைக் கல்லூரிக்குள் அமைத்தது. இவ்விருவகைப் படங்களிலும் காதலிக்கும் ஆண் தன்னைத்தான் வருத்திக்கொள்வானேயன்றிப் பிறர்க்கு அச்சம் விளைவிப்பவன் அல்லன்.

2003 சூலை 4 அன்று வெளிவந்த ‘காதல் கொண்டேன்’ இந்த மரபைக் குலைத்தது. செல்வராகவன் எழுதி இயக்கிய இப்படத்தில் தனுஷ், சோனியா அகர்வால், சுதீப் ஆகியோர் முதன்மைப் பாத்திரங்களை ஏற்றனர். யுவன் சங்கர் ராஜா இசையமைத்தார். அரவிந்த் கிருஷ்ணா ஒளிப்பதிவு செய்தார். கல்லூரிக் காதற்படமாகத் தொடங்கிக் காட்டில் உளவியல் திகில் படமாக முடியும் இதன் கட்டமைப்பை, அகத்திணை இலக்கணத்தின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தனுஷின் நடிப்பில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அந்நடிப்பு பாராட்டுக்குரியதே. ஆனால் அதில் மட்டுமே மனத்தைச் செலுத்தும்போது, கதையின் நடுவில் நிற்கும் திவ்யா பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறாள்.

கதைப்போக்கு

பெற்றோரற்ற வினோத், தன்னை வளர்த்த பாதிரியாரின் வற்புறுத்தலால் கல்லூரிக்கு வருகிறான். யாரோடும் பழகத் தெரியாத அவனை வகுப்பு ஒதுக்குகிறது. வகுப்பில் உறங்கியவனை ஆசிரியர் எழுப்பிக் கரும்பலகையில் உள்ள கடினமான கணக்கைத் தீர்க்கச் சொல்ல, அவன் அதைத் தீர்த்துவிட்டு மீண்டும் வந்து உறங்கும் காட்சி பார்த்தோர் நினைவில் நிலைத்த ஒன்று. உடன் பயிலும் திவ்யா மட்டும் அவனுக்குத் தோழியாகிறாள். வினோத்தின் உள்ளத்தில் அது காதலாக வளர்கிறது. திவ்யாவோ மற்றொரு மாணவனான ஆதியை விரும்புகிறாள். இதனை அறிந்த தந்தை அவளை வீட்டில் அடைத்து வைக்கிறார். ஆதியிடம் சேர்ப்பதாகச் சொல்லி அவளை வெளியே கொணரும் வினோத், ஆந்திர எல்லையில் உள்ள தடாவின் காட்டுப்பகுதியில், தான் முன்னரே ஆயத்தம் செய்து வைத்த மறைவிடத்திற்கு அழைத்துச் செல்கிறான். காவல்துறையும் ஆதியும் தேடி வருகின்றனர். மலைமுகட்டில் வினோத்தின் வீழ்ச்சியோடு கதை முடிகிறது.

முக்கோணம் யாருடையது?

முக்கோணக் காதல் என்ற சொல்லை இப்படத்திற்கு எளிதாகப் பயன்படுத்துகிறோம். உண்மையில் மூன்று பாத்திரங்களுக்கும் அது முக்கோணமாகத் தோன்றவில்லை. திவ்யாவின் பார்வையில் இருப்பது ஒரு காதலும் ஒரு நட்பும்தான். அவை இரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல. ஆதிக்கும் நெடுநேரம் வினோத் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. முக்கோணம் வினோத்தின் உள்ளத்தில் மட்டுமே வரையப்பட்டிருக்கிறது. அதை அவனோடு சேர்ந்து காணும் வாய்ப்பு பார்வையாளர் ஒருவருக்கே உண்டு. திகில் பிறப்பது இந்த இடத்தில்தான். இருளோ ஆயுதமோ இன்றி, பகல் வெளிச்சத்தில் இருவர் இயல்பாகப் பேசிக்கொண்டிருக்கும் காட்சியே அச்சம் தருவதாகிவிடுகிறது. காரணம், பேசுபவள் அறியாத ஒன்றை நாம் அறிவோம்.

‘காதல் தேசம்’ படத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அப்படத்தின் நாயகி பெயரும் திவ்யாதான். தற்செயலாகவும் இருக்கலாம். தபு நடித்த அந்தத் திவ்யாவுக்குத் தன்னை இருவர் விரும்புவது தெரியும். ஒருவரைத் தேர்ந்தால் மற்றவர் வருந்துவார் என்று கூறி, நட்பே போதும் என முடிவெடுக்கிறாள். அங்கு முக்கோணத்தைத் தீர்க்கும் சொல் ‘நட்பு’. செல்வராகவன் படத்தில் அதே சொல்தான் முக்கோணத்தை உண்டாக்குகிறது. திவ்யா கொடுத்தது நட்பு. வாழ்வில் வேறெதையும் பெற்றறியாதவன் அதை முழு வாழ்வாகவே பெற்றுக்கொள்கிறான். கொடுத்தவள் மீது இதில் குற்றமில்லை என்பதைப் படம் உணர்ந்தே இருக்கிறது. ஆனால் அந்த உணர்வை இறுதிவரை காத்ததா என்பது ஐயத்திற்குரியது.

பழைய துணி கேட்டு வந்தவன்

இப்படத்தின் மிக நுட்பமான காட்சி என்று நான் கருதுவது காட்டில் நிகழ்வதன்று. திவ்யாவின் வீட்டு வாசலில் நிகழ்வது. மகள் காதலிக்கிறாள் என்று அறிந்த தந்தை அவள் யாரையும் காணவோ பேசவோ இயலாதபடி காவல் வைக்கிறார். அந்த வீட்டுக்குள் வினோத் நுழைவது உடுத்தப் பழைய துணி கேட்கும் சாக்கில். தந்தை இரங்கி அவனை உள்ளே விடுகிறார். அவன் திவ்யாவோடு வெளியேறிவிடுகிறான்.

தந்தை அஞ்சியது யாரை? தன் மகளைக் காதலிக்கத்தக்கவன் என்று அவர் கருதும் ஓர் ஆணை. ஆதி அத்தகையவன், ஆகவே அவனுக்குக் கதவு அடைக்கப்படுகிறது. பழைய துணி கேட்டு வருபவனை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. ஏழை என்ற அடையாளம் அவனை ஐயத்திலிருந்து விடுவிக்கிறது. தன்னை இச்சமூகம் எப்படிப் பார்க்கிறது என்பதை வினோத் நன்கு கற்றிருக்கிறான். கரும்பலகைக் கணக்கைத் தீர்த்த அதே கூர்மையோடு இந்தக் கணக்கையும் தீர்க்கிறான். வகுப்பறையில் அவனை ஒதுக்கிய பார்வையும் வீட்டு வாசலில் அவனுக்கு இரங்கிய பார்வையும் வேறுவேறல்ல. இரண்டும் அவனை நிகரான ஒருவனாக எண்ணாதவை.

தனுஷின் உடலமைப்பு இதற்குப் பெரிதும் துணைநின்றது. படம் வெளிவந்தபோது அவருக்கு இருபது வயதுகூட நிறைவுபெறவில்லை. அன்றைய நாயகர்க்குரிய தோற்றத்திலிருந்து மிக விலகிய அந்த மெலிந்த உடலைத் தந்தை ஐயுறாததைப் பார்வையாளரும் ஏற்றுக்கொள்கிறார். இப்படத்தைத் தெலுங்கில் ‘நேனு’ (2004) என்றும் வங்காளத்தில் ‘அமானுஷ்’ (2010) என்றும் மறுஆக்கம் செய்தனர்.

கைக்கிளையும் பெருந்திணையும்

தொல்காப்பியர் அகத்திணைகளை ஏழாகப் பகுத்து, ஒத்த அன்பினவாகிய ஐந்திணையை நடுவில் நிறுத்தி, முன்னே கைக்கிளையையும் பின்னே பெருந்திணையையும் வைக்கிறார். கைக்கிளை ஒருதலைக் காமம். மறுமொழி பெறாத ஆண் தானே பேசித் தானே இன்புறுவது அதன் இயல்பு. பெருந்திணைக்கு அவர் நான்கு நிலைகளைக் கூறுகிறார்: மடலேறுதல், இளமை கடந்தபின் கொள்ளும் காமம், தேற்றவியலாத அளவு மிகுந்த காமம், வலிமையால் கொள்ளும் காமம். கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் இடையே உள்ள தொலைவு ஐந்திணை முழுவதும் ஆகும். வினோத் நடுவிலுள்ள ஐந்திணையைத் தொடாமலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்றுவிடுகிறான்.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். இலக்கணம் காட்டும் கைக்கிளைத் தலைவன் பேசுகிறான். பேச்சுக்கு மறுமொழி இல்லை என்பதே அவன் துயர். வினோத் இறுதிக்கட்டம் வரை தன் விருப்பத்தைத் திவ்யாவிடம் கூறுவதேயில்லை. எனவே அதுவரை அவளுக்கு மறுக்கும் வாய்ப்பும் அமையவில்லை. மடலேறுபவன்கூடத் தன் காமத்தை ஊரறிய வெளிப்படுத்துகிறான். பனைமட்டைக் குதிரையில் ஏறி, நாணத்தை விட்டுத் தெருவில் நிற்கிறான். அதில் வற்புறுத்தல் உண்டு என்றாலும் மறைவு இல்லை. வினோத்திடம் இருப்பது மறைவு மட்டுமே. சொல்லப்படாத காதலை மென்மையின் அடையாளமாகக் கொண்டாடிய ‘இதயம்’ போன்ற படங்களை இவ்விடத்தில் மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. சொல்லாமை என்பது எப்போதும் மென்மையன்று. கேட்கும் உரிமையை மற்றவரிடமிருந்து பறிப்பதாகவும் அது அமையக்கூடும்.

உடன்போக்கின் போலி வடிவம்

பெற்றோர் காவலுக்குட்பட்ட பெண் ஓர் ஆணோடு வீட்டை நீங்கி அரிய வழியே செல்வதை அகமரபு உடன்போக்கு என்னும். புறத்தோற்றத்தில் திவ்யாவின் பயணம் உடன்போக்கேதான். இற்செறிப்பு உண்டு, வீட்டை நீங்குதல் உண்டு, பின்தொடர்ந்து தேடுவோரும் உண்டு. இல்லாதது ஒன்றே: உடன்செல்பவன் அவள் விரும்பிய தலைவன் அல்லன். அவள் தன் காதலனை நோக்கிச் செல்வதாக எண்ணியே காட்டுக்குள் நடக்கிறாள். அவள் இசைவு உண்மையானது. ஆனால் அது வேறொருவனுக்காகக் கொடுக்கப்பட்டது. அந்த இசைவைத் திருப்பித் தனக்காக்கிக் கொள்வதே வினோத் செய்யும் வன்முறை. காட்டில் அவன் அவளிடம் கண்ணியமாக நடந்துகொள்வதைப் படம் வலியுறுத்துகிறது. காவலர்கள் அவனைப் பற்றி எச்சரிக்கும்போது திவ்யாவே அந்தக் கண்ணியத்தைச் சான்றாகக் கூறி நம்ப மறுக்கிறாள். உண்மை அறியாதவள் தந்த சான்று அது. அதனைக் கொண்டு அவனைக் குற்றத்திலிருந்து விடுவித்தல் இயலாது.

இதே கடத்தல் கதையைச் சந்தான பாரதி இயக்கிய ‘குணா’ (1991) வேறுவிதமாக முடித்தது. அங்கே குகையில் அடைக்கப்பட்டவள் காலப்போக்கில் தன்னைக் கொணர்ந்தவனையே நேசிக்கிறாள். கடத்தல் காதலாக மாறிப் புனிதம் பெறுகிறது. ‘காதல் கொண்டேன்’ அந்தப் பாதையில் செல்லவில்லை. தான் கொண்டது நட்பு மட்டுமே என்ற சொல்லிலிருந்து திவ்யா இறுதிவரை மாறவில்லை. இப்படத்தின் நேர்மை இங்கே வெளிப்படுகிறது.

பின்கதையின் இடம்

வினோத்தின் இளமைக்காலம் கொடியது. அற்பக் கூலிக்கு அடிமைபோல் உழைத்த சிறுவர்களுள் ஒருவன் அவன், எதிர்த்தபோது ஒடுக்கப்பட்டான், அவன் நேசித்த பெண் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி இறந்தாள். குழந்தைத் தொழிலாளர் வாழ்வை வணிகத் திரைப்படத்தின் நடுவில் இத்துணைக் கடுமையோடு காட்டியது குறிப்பிடத்தக்கது. ஆயினும் நாம் கேட்க வேண்டியது, இக்கதை எப்போது, யாரிடம் சொல்லப்படுகிறது என்பதே. திவ்யா வீட்டை விட்டு வந்து, திரும்பும் வழி தெரியாமல், அவனையன்றி வேறு துணையில்லாத நிலையில் இக்கதையைக் கேட்கிறாள். நாமும் கடத்தலைக் கண்டபின்பே கேட்கிறோம். அவன் செய்தது தவறென்று தீர்ப்பளிக்க முற்படும் நேரத்தில் இரக்கம் குறுக்கே வருகிறது. இரங்குதல் நன்றே. ஆனால் அவனை வருத்தியோர் யாரோ. அதற்கு ஈடு செய்யவேண்டியவளாக நிறுத்தப்படுபவளோ, அவனிடம் அன்பாகப் பழகிய ஒரே மாணவி. சமூகத்தின் கடனை ஒரு பெண்ணிடம் தண்டும் இந்த ஏற்பாட்டைப் படம் கேள்விக்குட்படுத்தவில்லை. இதுவே இப்படத்தின் பெருங்குறை என்று கருதுகிறேன்.

மலைமுகடு

இறுதிக்காட்சியில் ஆதி ஒரு கையிலும் வினோத் மற்றொரு கையிலுமாகத் திவ்யாவைப் பற்றித் தொங்குகின்றனர். வினோத்தை விட்டுவிடுவாள் என்று ஆதி எதிர்பார்க்கிறான். அவளுக்கு ஓர் உயிரைக் கொல்ல மனமில்லை. வினோத் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தானே கையை விடுவித்து வீழ்கிறான். மடலேறுதலை அடுத்து வரைபாய்தலை உரையாசிரியர்கள் குறிப்பிடுவர். மலையிலிருந்து வீழ்ந்து உயிர்விடத் துணிதல் அது. இயக்குநர் அம்மரபை எண்ணியிருக்க வேண்டியதில்லை; நிறைவேறாத காமத்திற்குத் தமிழ் மனம் கண்ட முடிவுகளுள் ஒன்று இங்கும் வந்து நிற்கிறது என்பதே நாம் காண்பது. யஷ் சோப்ராவின் ‘டர்’ (1993) இந்திப் படத்தில், கல்லூரிக் காலத்திலிருந்தே ஒருத்தியை ஒருதலையாய் விரும்பித் துரத்தும் ராகுலை அவள் கணவன் கொல்கிறான். அங்கே வில்லன் வீழ்த்தப்படுகிறான். இங்கே வினோத் தன் சாவைத் தானே ஏற்று நாயகனாகிவிடுகிறான்.

திவ்யாவின் பக்கம் நின்று பார்த்தால் இக்காட்சி வேறொன்றைச் சொல்கிறது. படத்தில் முதன்முறையாக முக்கோணம் அவள் கண்முன் உண்மையாகவே அமைகிறது. இரு கைகளிலும் இருவர். தேர்ந்தெடு என்று கதை அவளை நெருக்குகிறது. அவள் தேர்ந்தெடுக்க மறுக்கிறாள். காதலையும் நட்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தாத அவளுடைய பழைய நிலையே அது. வினோத் கையை விடுவிக்கும்போது அந்த மறுப்பும் அவளிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. முடிவு மீண்டும் அவனுடையதாகிறது. அவளை வீட்டிலிருந்து அழைத்து வந்தபோதும் அவள் கேட்கப்படவில்லை. மலைமுகட்டிலும் கேட்கப்படவில்லை.