சாதியை எழுதிய மாணவர்கள்: நாமக்கல் அனுபவமும் நம் இலக்கிய மன்றங்களும்

அரசுப் பள்ளிகளில் இலக்கிய மன்றம் இருக்கிறது. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு ‘தேன்சிட்டு’, ஆசிரியர்களுக்கு ‘கனவு ஆசிரியர்’ என்று பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் இதழ்களும் வெளியிட்டது. பவானி சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எழுத இடம் இல்லை என்று சொல்ல முடியாது. எதை எழுதலாம் என்பதில்தான் சிக்கல்.

மழை, மரம், நட்பு, தாயன்பு என்றுதான் தலைப்புகள் தரப்படுகின்றன. அதே வகுப்பில் காலனியிலிருந்து வரும் மாணவி, ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த தன் தாத்தாவைப் பற்றி எழுதலாமா? ‘அதெல்லாம் எதுக்கு கண்ணு, வேற எழுது’ என்று சொல்லிவிட்டால், தன் வீட்டுக் கதை எழுத்துக்கு ஆகாது என்றே அவள் நினைத்துக்கொள்வாள்.

ஆகும் என்று காட்டிய அனுபவம் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லில் இருக்கிறது. எழுத்தாளர் பெருமாள்முருகன் அங்குள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அவரும் மாணவர்களும் கூடிப் பேச ‘கூடு’ என்ற ஆய்வுச் சந்திப்பை நடத்தினார்கள். அந்த வட்டத்தில் உருவான நூல்தான் 2013-இல் வெளிவந்த ‘சாதியும் நானும்’. சாதியைத் தாங்கள் எப்படி அனுபவித்தோம் என்று 32 பேர் அதில் எழுதினார்கள். எழுத்தாளர் அம்பையின் மொழிபெயர்ப்பில் அது ஆங்கிலத்துக்கும் போனது. கொட்டாங்குச்சியில் தரப்பட்ட வரக்காப்பிதான் ஆங்கில நூலின் தலைப்பு.

அந்த நூலில் ஒடுக்கப்பட்டவர்கள் மட்டும் எழுதவில்லை. பல சாதிகளைச் சேர்ந்தவர்களும் எழுதினார்கள். கொட்டாங்குச்சியை வாங்கியவருக்கு ஒரு கதை உண்டு என்றால், நீட்டியவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு கதை உண்டு. இருவரும் எழுதினால்தான் அது ஊரின் கதை. ஒருவரை மட்டும் எழுதச் சொன்னால், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

மொழியும் முக்கியம். வீட்டில் பேசும் கொங்குத் தமிழில் எழுதினால் சிவப்பு மையில் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தச் சொற்களைத் தொகுத்து 2000-இல் ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ கொண்டுவந்தவரும் இதே பெருமாள்முருகன்தான். ஒரு தமிழாசிரியர் அகராதியில் ஏற்றிய சொற்களை இன்னொரு தமிழாசிரியர் பிழை என்று அடிக்கத் தேவையில்லை.

ஆசிரியர்களும் எழுத வேண்டும். ‘கருக்கு’ நூலை 1992-இல் தந்த பாமா பள்ளி ஆசிரியர். ‘கோவேறு கழுதைகள்’ எழுதிய இமையமும் அரசுப் பள்ளியில் பணியாற்றியவர். மன்றத்தில் ஆசிரியர் தன் அனுபவத்தை முதலில் வாசித்தால், பிள்ளைகளுக்குத் தைரியம் வரும்.

ஆனால், நாமக்கல்லில் எழுதியவர்கள் வளர்ந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்ன பட்டியல் சாதி மாணவர், வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. உண்மையைச் சொல்லும் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லையென்றால், சொல்லச் சொல்வதே தவறாகிவிடும்.

எனவே சில நடைமுறைகள் தேவை. ‘சாதி என்ற சொல்லை நான் முதலில் எங்கே கேட்டேன்?’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரே தலைப்பு தரலாம். எழுத விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. பெயர் போடாமல் எழுத அனுமதிக்க வேண்டும். எழுதியவர் சம்மதிக்காமல் வகுப்பில் வாசிக்கக் கூடாது. யாரையும் நிறுத்தி ‘நீ என்ன ஆளுங்க?’ என்று கேட்கக் கூடாது. இப்போதும் கொடுமை நடக்கிறது என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தால், அதற்கு மதிப்பெண் போட்டு முடித்துவிடாமல் தலைமை ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும். மாணவர்கள் தாங்களே அழைக்க 14417 கல்வி உதவி எண்ணும், 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன.

இதற்குத் தனி நிதி வேண்டியதில்லை. இருக்கிற இலக்கிய மன்றத்தில், மழைக்கும் மரத்துக்கும் நடுவே இந்தத் தலைப்புக்கும் ஒரு வாரம் ஒதுக்கினால் போதும்.