உதறும் இன்ஜினை உடனே பிரிக்கச் சொல்லாதீர்கள்

இன்ஜின் வேலை முடிந்து வந்த கார் உதறினால், முதலில் செய்யக் கூடாத காரியம் அதை மறுபடி பிரிக்கச் சொல்வதுதான். பிரித்துவிட்டால் சாட்சி போய்விடும். எந்த போல்ட் எவ்வளவு முறுக்கில் இருந்தது, டைமிங் குறி எந்தப் பல்லில் நின்றது, பிரஷர் பிளேட் எந்தத் திசையில் மாட்டியிருந்தது என்பதை அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. "திறந்து பார்த்துட்டேன், எல்லாம் கரெக்டா இருந்துச்சு" என்ற ஒரு வரியோடு உங்கள் வழக்கு முடிந்துவிடும்.

சுத்துக்கேணி மாதிரி ஊரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். மண்ணாடிப்பட்டு கொம்யூனில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் இது. இங்கே ஒருவர் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி இன்ஜினைப் புதுப்பிக்கிறார் என்றால், வேலை ஒரே கூரையின் கீழ் நடக்காது. இறக்கி ஏற்றுவது ஒரு மெக்கானிக். போரிங்கும் கிராங்க் கிரைண்டிங்கும் புதுச்சேரியிலோ விழுப்புரத்திலோ ஒரு லேத் பட்டறையில். பிஸ்டன் செட்டும் பேரிங்கும் ஸ்பேர்ஸ் கடையில். பேலன்சிங் என்றால் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போக வேண்டியிருக்கும். கடைசியில் வண்டி உதறும்போது மெக்கானிக் லேத்தைக் காட்டுவார், லேத்காரர் பிஸ்டனைக் காட்டுவார், கடைக்காரர் மாட்டிய கையைக் காட்டுவார். உதறல் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் பொறுப்பு யாருடையது என்று தெரியும். அதைப் பெரும்பாலும் ஒரு ஸ்பேனர் கூடப் போடாமலே கண்டுபிடிக்கலாம்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். நின்ற இடத்திலேயே உதறினால் குறை இன்ஜின் பக்கம். ஓடும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் வந்தால் சக்கரம், டிரைவ் ஷாப்ட் பக்கம் போங்கள். அதற்கு இன்ஜின் வேலை செய்தவரைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, ஆர்.பி.எம். ஏற ஏற உதறல் என்ன ஆகிறது என்று கவனியுங்கள். ஐடிலிங்கில் மோசமாக இருந்து, ஏற்றினால் தணிந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வு இடைவெளி, ஒரு பல் தவறிய டைமிங் என்று தேடலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் மாற்றி மாற்றிக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது இன்ஜின் சத்தம் மாறவே இல்லையோ அதுதான் சோம்பேறி சிலிண்டர். ஏற்ற ஏற்ற உதறல் கூடிக்கொண்டே போனால் அது எடைச் சமநிலைக் குறை. ஆர்.பி.எம். இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். நடுவில் 2200-லிருந்து 2500 வரை மட்டும் வந்து பிறகு மறைந்தால் இன்ஜின் மவுண்டிங், அல்லது எங்கோ பாடியில் இடிக்கும் சைலன்சர் குழாய். மவுண்டிங் போல்ட்டுகளைத் தளர்த்தி, இன்ஜினை ஐடிலிங்கில் தன் இடத்தில் உட்காரவிட்டு, மறுபடி இறுக்கினாலே சில வண்டிகள் அடங்கிவிடும்.

நியூட்ரலில் ஆர்.பி.எம்.மைப் பிடித்துக்கொண்டு கிளட்சை மிதியுங்கள். உதறல் மாறினால் கிளட்ச் பிளேட், கியர்பாக்ஸ் ஷாப்ட் பக்கம் சந்தேகம். மாறாவிட்டால் பிளைவீலும் பிரஷர் பிளேட்டும் தப்பித்தன என்று அர்த்தமில்லை. மிதித்தாலும் அவை இரண்டும் இன்ஜினோடு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரசர் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை. டைமிங் பெல்ட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. தண்ணீர் பம்ப் அந்த வெளி பெல்ட்டில்தான் ஓடுகிறது என்றால் அரை நிமிடத்தைத் தாண்டவும் கூடாது.

கைப்பேசியும் இங்கே உதவும். அதிர்வை ஹெர்ட்ஸ் கணக்கில் காட்டும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்ஜினை 1200 ஆர்.பி.எம்.மில் நிறுத்தினால் கிராங்க் நொடிக்கு 20 முறை சுற்றும். 20 ஹெர்ட்ஸில் முள் எகிறினால் கிராங்க், பிளைவீல், முன் புல்லி ஆகியவற்றின் சமநிலை. 10-இல் எகிறினால் ஒற்றைச் சிலிண்டர் மிஸ்ஸிங். நான்கு சிலிண்டர் வண்டியில் 40-இல் கொஞ்சம் இருப்பது இயற்கை. அதை அடக்கத்தான் சில இன்ஜின்களில் கிராங்கைவிட இரட்டை வேகத்தில் சுற்றும் பேலன்ஸ் ஷாப்ட் வைக்கிறார்கள். அந்த ஷாப்ட்டைக் குறி தவறி மாட்டினால் உதறலை அடக்க வேண்டியதே அதைப் பெருக்கும். தேதி தெரியும்படி அந்தத் திரையையும் டேக்கோமீட்டரையும் சேர்த்து வீடியோ எடுத்து வையுங்கள்.

"ரன்னிங் இன் ஆனா செட் ஆயிடும் சார்" என்பார்கள். ரிங்கும் பேரிங்கும் ஓடி ஓடிப் படியும் என்பது உண்மை. எடை வித்தியாசம் ஓடிப் படியாது. பிளைவீலில் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் 10 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 6000 ஆர்.பி.எம்.மில் அது சுமார் 40 கிலோ விசையோடு, நொடிக்கு 100 சுற்று, மெயின் பேரிங்கை எல்லாப் பக்கமும் இழுக்கும். சாதாரண காரில் 3000-ஐத் தாண்டாமல் ஓட்டிக் காலம் தள்ளலாம். வேகக் காரை வாங்குவதே 6000-ஐத் தொடத்தானே. ரப்பர் செத்துப்போன பழைய கிராங்க் புல்லியை அப்படியே திருப்பி மாட்டினால், உதறலாகத் தெரியாத முறுக்கதிர்வு கிராங்கையே முறிக்கவும் கூடும். உதறலோடு தட்டும் சத்தம் வந்தாலோ ஆயில் விளக்கு மினுக்கினாலோ வண்டியை அங்கேயே அணைத்து, இழுத்துப் போங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து, மடிப்புகளுக்குள் மினுங்கும் உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது பேரிங்கின் கதையைச் சொல்லும். அறுப்பதைச் சாட்சிகளின் முன் செய்யுங்கள், ஃபில்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

மெக்கானிக் பக்கமும் நியாயம் உண்டு. எடை குறைத்த பிளைவீலும் கெட்டியான பாலியூரித்தேன் மவுண்டிங்கும் போடச் சொன்னது நீங்கள் என்றால், ஐடிலிங்கில் வண்டி ஆடத்தான் செய்யும். விலை குறைவு என்று நீங்களே வாங்கிக் கொடுத்த பிஸ்டன் செட்டுக்கும் அவர் பொறுப்பில்லை.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கூலிக்கு இன்ஜின் வேலை செய்வது சேவை, அதில் வரும் குறை சேவைக் குறைபாடு. பில் கொடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ஸ்பேர்ஸ் கடை பில்லில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளை அதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்தாக வேண்டும். சொந்தப் பிழைப்புக்காக டாக்சி ஓட்டுபவரும் நுகர்வோர்தான். மெக்கானிக் மொத்தமாகப் பேசி வேலை எடுத்திருந்தால், அவர் அனுப்பிய லேத்தின் தவறுக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். லேத்துக்கு நீங்கள் நேரடியாகப் பணம் கொடுத்திருந்தால் லேத்தையும் எதிர்தரப்பாகச் சேருங்கள்.

லேத் விழுப்புரத்தில் இருந்தாலும் புகாரை விழுப்புரத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த வசதி. சுத்துக்கேணிக்காரருக்கு அது புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 1915 என்ற தேசிய உதவி எண் பெரிய நிறுவனங்களுக்குச் சரி. தெருமுனைப் பட்டறையிடம் அதைவிட ஸ்பீடு போஸ்ட்டில் போகும் நோட்டீஸ் வேகமாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

குறையை நிரூபிக்க வேண்டியது புகார்தாரர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், தேதி குறித்து எதிர்தரப்பை எழுத்தில் அழையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும், வேலையில் சம்பந்தப்படாத இன்னொரு நிபுணர் முன் பிரியுங்கள். உரிமம் பெற்ற வாகன சர்வேயர் என்றால் நல்லது. நான்கு பிஸ்டன்களையும் தனித்தனியே தராசில் வைத்துப் படம் எடுங்கள். சில கிராமுக்குள் ஒத்துப்போக வேண்டியவை அவை. கிராங்க், பிளைவீல், பிரஷர் பிளேட், புல்லி நான்கையும் சேர்த்து பேலன்சிங் மெஷினில் ஏற்றி, சரிசெய்வதற்கு முன் வரும் அளவை அச்செடுத்து வாங்குங்கள். அதைவிடப் பெரிய ஆதாரம் வேறில்லை.

ஒரு பொறி உங்களுக்கே இருக்கிறது. பழைய இன்ஜினைத் தூக்கிவிட்டு வேறு இன்ஜின் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி அது போக்குவரத்துத் துறைப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. புகாருக்குப் போகும் முன் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் எண்ணையும் பிளாக்கில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கி தராமல் வண்டியை எடுக்க முடியாது என்று பட்டறை சொன்னால், கூலி பாக்கிக்காக வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமையை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, ஒப்புக்கொண்டபடி வேலை முடித்தவருக்குத் தருகிறது. வேலை முடிந்ததா என்பதே தகராறாக இருக்கும்போது வாசலில் நின்று மல்லுக்கட்டுவதைவிட, "உதறல் குறை தீரவில்லை, ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, யு.பி.ஐ. மூலம் கட்டி வண்டியை எடுத்து வாருங்கள். நோட்டீஸில் புது இன்ஜின் கேட்காதீர்கள். பேலன்சிங் செலவு, மறுபடி இறக்கி ஏற்றும் கூலி, சேதமான பேரிங் விலை, இழுவைச் செலவு என்று பில்லோடு கேட்டால் பெரும்பாலான பட்டறைக்காரர்கள் ஆணையம் வரை போக விரும்ப மாட்டார்கள்.