மூலக்கருவிகளும் மூலபாடமும்: ஹாண்டலின் ‘மெசாயா’ குறித்து ஒரு விளக்கம்

ஒரு நூலின் மூலபாடத்தைத் தேடும் பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் இசையரங்கிலும் எழுவதுண்டு. ஓர் இசைப்படைப்பை அது தோன்றிய காலத்துக் கருவிகளைக் கொண்டே நிகழ்த்தும் முயற்சி, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வலுப்பெற்றது. அம்முயற்சி எதனை மீட்டுத் தருகிறது, எதனைத் தர இயலவில்லை என்பதை ஹாண்டலின் ‘மெசாயா’வைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

‘மெசாயா’ ஓர் ஒரட்டோரியோ ஆகும். வேடமும் காட்சியமைப்பும் இன்றித் தனிக்குரல்களும் பாடற்குழுவும் இசைக்கருவிகளும் இணைந்து வழங்கும் நெடும்படைப்பே ஒரட்டோரியோ எனப்படும். விவிலியப் பகுதிகளைச் சார்லஸ் ஜென்னன்ஸ் தொகுத்தளிக்க, ஹாண்டல் 1741இல் 24 நாள்களில் இசையமைத்தார். 1742 ஏப்ரல் 13ஆம் நாள் டப்ளினில் இது அரங்கேறியது. 1754இல் இலண்டன் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்தில் நிகழ்ந்தபோது கருவியிசைக் கலைஞர்கள் ஏறத்தாழ 40 பேரே இருந்தனர் என்பதை எஞ்சியுள்ள கணக்குக் குறிப்பால் அறிகிறோம்.

ஹாண்டல் 1759இல் மறைந்தபின் நிலைமை மாறியது. 1784இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடைபெற்ற நினைவு விழாவில் 500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். 1789இல் மோட்சார்ட் காற்றுக்கருவிகள் பலவற்றைச் சேர்த்தமைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாடுவோர் ஆயிரக்கணக்கில் பெருகினர். ஏடு பெயர்த்தெழுதுந்தோறும் இடைச்செருகல் மிகுவதை இவ்வளர்ச்சி நினைவூட்டுகிறது.

1980இல் வெளிவந்த கிறிஸ்டோபர் ஹாக்வுட்டின் ஒலிப்பதிவு 1754ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அடியொற்றியது. குடல்நரம்பு பூட்டிய வயலின்கள் மென்மையாக ஒலிக்கின்றன. அடைப்பிதழ் இல்லாத டிரம்பெட்டுகள் பாடுவோர் குரலை மூழ்கடிப்பதில்லை. குழு சிறிதாதலின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. பாடலின் பொருளை முதன்மையாகக் கருதுவோர்க்கு இதுவே பெரும்பயன் எனலாம்.

எனினும், ‘இதுவே மூலம்’ என்று அறுதியிட இயலுமா? பாடகர் மாறுந்தோறும் ஹாண்டலே தனிப்பாடல்களைத் திருத்தியமைத்தார். எனவே ஆசிரியரின் பாடங்களே பலவாகின்றன. இத்தகைய நிகழ்ச்சிகளில் பெருவழக்காகக் கொள்ளப்படும் 415 ஹெர்ட்ஸ் சுருதியும் இக்காலத்தார் வசதிக்காக வகுத்த அளவேயாகும். ஹாண்டலுடையது எனப்படும் சுருதிக்கவை ஏறத்தாழ 422 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. டிரம்பெட் கலைஞர் பலர் சுருதி பிழையாதிருக்க, அக்காலக் கருவியில் இல்லாத துளைகளை இட்டுக்கொள்கின்றனர். மேலும், பிற்கால இசை பலவற்றைக் கேட்டுப் பழகிய நம் செவி 1742ஆம் ஆண்டின் செவியன்று.

ஆகவே, மூலக்கருவி நிகழ்ச்சியை ஒரு செம்பதிப்பாகக் கொள்வதே பொருந்தும் என்பது நம் கருத்து. எப்பாடத்தைப் பின்பற்றினோம், எங்கு நாமே தெரிவு செய்தோம் என்பதை வெளிப்படையாகக் கூறும் பதிப்பே நம்பத்தக்கது. இசைக்கும் அவ்விதி பொருந்தும்.