ஆலயத்துக்கு அப்பால், கடல் வரை

ஸ்பெயின் நாட்டின் வடமேற்கிலுள்ள சாந்தியாகோ நகரம் கத்தோலிக்கர்களின் புகழ்பெற்ற யாத்திரைத் தலங்களில் ஒன்று. இயேசுவின் சீடரான புனித யாகப்பரின் கல்லறை அங்குள்ள பேராலயத்தில் இருப்பதாக நம்பப்படுகிறது. எமது குருநகர் ஆலயமும் இவர் பெயரில் அமைந்ததே. குறைந்தது 100 கிலோமீற்றர் நடந்து செல்வோருக்கு அங்கு சான்றிதழ் வழங்கப்படும். 2018ஆம் ஆண்டில் அதனைப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

பெரும்பாலானோரின் பயணம் அங்கு முடிந்துவிடும். சிலர் மட்டும் அத்திலாந்திக் சமுத்திரம் வரை இன்னும் 90 கிலோமீற்றர் அளவு நடக்கின்றனர். கடற்கரை ஊர்களில் ஒன்றான பினிஸ்தெரேயின் பெயருக்கு இலத்தீன் மொழியில் 'உலகின் முடிவு' என்று பொருள்.

என்னுடன் வந்த அக்கா முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் மகளை இழந்தவர். அதன்பின் அவர் கடற்கரைப் பக்கம் போனதே இல்லை. மகளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார், அன்னதானம் செய்தார், நேர்த்தி வைத்து இவ்வளவு தூரம் நடந்தும் வந்தார். சான்றிதழைக் கையில் வாங்கியபின் சொன்னார்: "தங்கச்சி, நேர்த்தி முடிஞ்சுது. எனக்குத்தான் இன்னும் முடியேல்லை. கடல் மட்டும் போவமே?"

நான்கு நாட்கள் நடந்தோம். யூகலிப்டஸ் காடுகள், கால்கள் வைத்துக் கட்டிய கல் தானியக் களஞ்சியங்கள், மாட்டுப் பட்டிகள் என வழி நீண்டது. ஒஸ்பிற்றல் என்ற சிற்றூருக்கு அருகில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பினிஸ்தெரேக்கும் மற்றையது முஷியாவுக்கும் செல்லும். நாங்கள் முஷியாவுக்குத் திரும்பினோம்.

கப்பல்கள் பல உடைந்து பலர் மாண்டதால் அக்கரைக்கு 'மரணக் கரை' என்று பெயர். முஷியாவில் அலைகளுக்கு அருகே, பாறைகள் மேல் படகு மாதா ஆலயம் நிற்கிறது. மனந்தளர்ந்திருந்த யாகப்பரைத் தேற்ற மாதா கற்படகில் வந்தாராம் என்பது ஐதீகம். 2013 டிசம்பர் 25ஆம் திகதி இவ்வாலயம் தீயில் பெரும் சேதமடைந்தது. பின்னர் திருத்திக் கட்டினார்கள். கடல் கொடுப்பதையும் எடுப்பதையும் அறிந்த மக்கள் அக்கரையை விட்டுப் போகவில்லை.

அக்கா அலை தொடாத ஒரு பாறையில் அமர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மகளின் பெயரை ஒரு தரம் சத்தமாகக் கூப்பிட்டார். தண்ணீரில் இறங்கவில்லை. நானும் இறங்கச் சொல்லவில்லை.

சடங்குகள் எங்களுக்குத் தேவைதான். ஆனால் சடங்கு முடிகிற இடத்தில் துக்கமும் முடிந்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். "இவ்வளவு காலமாகியும் இன்னுமா?" என்று கேட்கிறோம். சகோதரிகளே, உங்கள் அயலிலும் இப்படி ஒருத்தி இருக்கக்கூடும். அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். அவள் போக விரும்பும் மட்டும் கூட நடவுங்கள்.